காற்றை அளந்த அன்னா மணி

காற்றாலை மின்சாரத்தில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று தமிழகம். இங்கு நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால், முப்பந்தல், கயத்தாறு போன்ற பகுதிகளில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நிறுவப்பட்ட சிறிய காற்றாலைகள் தேய்ந்து முதுமை எய்திவிட்டன. காற்று மிகுந்த முதல் தரமான நிலங்களை அடைத்துக்கொண்டு நிற்பவையும் அவைதாம். அவற்றை அகற்றிவிட்டு, உயரமும் திறனும் மிகுந்த புதிய காற்றாலைகளை நிறுவ வழிவகுக்கும் கொள்கையைத் தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

புதிய காற்றாலை ஒன்று ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் தரும் என்பதை இப்போது கணினி சொல்கிறது. நிலத்தின் மேடுபள்ளம், மரங்களின் அடர்த்தி, பருவக்காற்றின் போக்கு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். காற்று எங்கே விரையும், எங்கே தேங்கிச் சுழலும் என்று வண்ணப் படமாகவே வரைந்து காட்டிவிடுகிறது. வங்கிக் கடனும், மின் கொள்முதல் விலையும், முதலீட்டாளரின் லாபமும் அந்தப் படத்தை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன. அந்தப் படம் சரியானதுதானா என்று சொல்ல வல்லது, அதே மலையில் நடப்பட்ட கம்பத்தின் உச்சியில் ஆண்டு முழுவதும் சுழன்றுகொண்டிருக்கும் காற்றுவேகமானிதான். இந்தியாவில் அத்தகைய கம்பங்களை ஊர் ஊராக நடவைத்தவர் அன்னா மணி. இயற்பியலாளர், வானிலையாளர் என்று அறியப்படும் அவர் தமிழகத்தின் காற்றாலைகளுக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பது இங்குப் பலருக்குத் தெரியாது.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மலையூரான பீருமேட்டில் 1918 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தார் அன்னா மணி. தந்தை கட்டுமானப் பொறியாளர். பெரிய ஏலக்காய்த் தோட்டங்களின் உரிமையாளர். எட்டுக் குழந்தைகளில் அன்னா ஏழாவது. வசதி படைத்த அக்குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் உயர் பதவிகளுக்காகவும், பெண் பிள்ளைகள் திருமணத்துக்காகவும் வளர்க்கப்பட்டனர். எட்டாவது பிறந்த நாளில் வீட்டு வழக்கப்படி வைரத்தோடு பரிசளிக்கப்பட்டபோது, அதை மறுத்துவிட்டுப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றவர் அவர். வைக்கம் சத்தியாகிரகமும் காந்தியடிகளின் வருகையும் திருவிதாங்கூரை உலுக்கிய காலம் அது. அந்தத் தாக்கத்தில் கதராடைக்கு மாறிய அன்னா, அந்த எளிமையை இறுதிவரை கைவிடவில்லை.

சென்னையில் பயின்று 1939-ஆம் ஆண்டில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே உதவித்தொகை பெற்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரத்தோட்டை வேண்டாம் என்றவருக்கு அங்கே கிடைத்த ஆய்வுப் பொருள் வைரம். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் ஒளிரும் தன்மையை அவர் ஆராய்ந்தார். ஒரு வைரத்தின் மங்கிய நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிப்பதற்கு 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். இதற்காக ஆய்வுக்கூடத்திலேயே அவர் உறங்கிய இரவுகள் பல. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பட்டம் தரப்படவில்லை. ஆய்வில் குறை ஏதும் சொல்லப்படவில்லை, அவரிடம் எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்பதே காரணம். ஆனர்ஸ் பட்டத்தின் அடிப்படையில்தான் அவருக்கு ஆய்வு உதவித்தொகையே தரப்பட்டிருந்தது என்பதை விதி கணக்கில் கொள்ளவில்லை. கல்லூரியிலும் பல்கலைக்கழகக் குழுக்களிலும் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், இத்தகைய விதிகள் எவ்வளவு எளிதாக இயற்றப்படுகின்றன என்பதை நான் அறிவேன். விதியும் ஓர் அளவுகோல்தான். அந்த அளவுகோலை அன்று யாரும் சரிபார்க்கவில்லை.

அதே ஆண்டு அரசின் உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியலில் ஆய்வைத் தொடர்வதே அவர் விருப்பம். ஆனால் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சி மட்டுமே. அதை ஏற்றுக்கொண்டதால் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. இந்திய வானிலையியலின் வரலாறும் சற்றே மாறியது எனலாம்.

1948-ஆம் ஆண்டில் நாடு திரும்பிய அன்னா மணி, புணேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிகள் பிரிவில் எஸ்.பி. வெங்கிடேசுவரனின் கீழ் பணியில் சேர்ந்தார். விடுதலைக்கு முன்பு வெப்பமானி, அழுத்தமானி போன்ற எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய நிலை இருந்தது. மழைமானி, காற்றுவேகமானி, காற்றுத்திசைகாட்டி என ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியிருந்தார் வெங்கிடேசுவரன். பின்னர் அப்பிரிவின் பொறுப்பு அன்னா மணியிடம் வந்தது. அவருக்குக் கீழ் பணியாற்றியவர்கள் 121 ஆண்கள். நூறு வகைக் கருவிகளுக்கு அளவு பிசகாத வரைபடங்களைத் தயாரித்து, எந்தப் பட்டறையில் செய்தாலும் கருவி ஒரே தரத்தில் இருக்கும் நிலையை உருவாக்கினார். தவறான அளவீடு, அளவீடே இல்லாதிருப்பதைவிடத் தீங்கானது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கருவி ஒன்றை நிலையத்துக்கு அனுப்புவதற்கு முன் மூலக் கருவியுடன் ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை, கீழ்நிலைப் பணியாக அவர் ஒருபோதும் கருதவில்லை.

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். வளிமண்டல ஓசோனை அளக்க பலூனில் அனுப்பும் கருவியை 1960-களில் உள்நாட்டிலேயே உருவாக்கினார். 1963-ஆம் ஆண்டில் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வகத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் நிறுவித் தந்தார். வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். பெரும்பாலோர் வரலாறு இத்துடன் முடிந்துவிடும். தமிழகத்துக்கு அவர் செய்த பேருதவியோ இதற்குப் பிறகே தொடங்குகிறது.

ராமன் ஆய்வு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வருகைப் பேராசிரியராக இருந்த காலத்தில், மாற்று எரிசக்தியின் பக்கம் அவருடைய கவனம் திரும்பியது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வால் அந்நியச் செலாவணி கரைந்து, அரசு விழிபிதுங்கி நின்ற காலம் அது. சூரிய ஒளியும் காற்றும் நம்மிடம் உண்டு என்று மேடைகளில் பேசப்பட்டது; எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. முதலில் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேட்டை 1980-இல் வெளியிட்டார். அடுத்து டி.ஏ. மூலேயுடன் இணைந்து, இந்தியாவின் காற்றாற்றல் தரவு நூலை 1983-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நம் நாட்டில் காற்று பலவீனமானது என்பதே அப்போது பரவலான கருத்து. அதற்கு வானிலை நிலையங்களின் பழைய பதிவுகள் சான்றாகக் காட்டப்பட்டன. அவை பொய்ப் பதிவுகள் அல்ல. ஆனால் அந்நிலையங்களில் பல, ஊர்களுக்கு நடுவே, கட்டடங்களும் மரங்களும் சூழ்ந்த இடங்களில் இருந்தன. காற்றாலைக்கு ஏற்ற கணவாய்களிலும் குன்றுகளிலும் அளப்பார் இல்லை. எனவே புதிதாக அளக்க வேண்டும் என்று அன்னா மணி முடிவு செய்தார். மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறையின் ஆதரவுடன், இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் பெங்களூரு களப் பிரிவு வழியாக அந்தப் பணி நடந்தது. சுமார் 20 மீட்டர் உயரக் கம்பங்களில் இரண்டு மட்டங்களில் கருவிகளைப் பொருத்தி, மணிக்கு மணி பதிவு செய்தார்கள். அவ்வாறு அளக்கப்பட்ட இடங்கள் காலப்போக்கில் நூற்றுக்கணக்கில் பெருகின. காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்வதற்காகவே பெங்களூருவில் ஒரு சிறு பட்டறையையும் அவர் நடத்தினார். அறுபது வயதைக் கடந்த பின் செய்த வேலை இது.

இந்த வேலை ஏன் அவ்வளவு கடினம் என்பதைக் காரைக்கால் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். கருக்களாச்சேரியில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு என்று சொல்ல ஏதும் இல்லை; கிழக்கே கடல், மேற்கே காவிரிப் படுகையின் வயல்கள். வாடை என்றால் ஊர் முழுவதற்கும் வாடை. கொண்டல் என்றால் பக்கத்து ஊருக்கும் கொண்டல். ஓரிடத்தில் அளந்தால் பல கிலோமீட்டருக்கு அந்த அளவு பொருந்தும். மலையில் அப்படியல்ல. குன்றின் மேல் ஏறும் காற்று, நெருக்கப்பட்ட ஆற்று நீர்போல் உச்சியில் வேகம் கூடுகிறது. இறங்கும் பக்கம் செங்குத்தாக இருந்தாலோ, தரையை விட்டுப் பிரிந்து பின்னோக்கிச் சுழல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்த, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களில் அது பீறிட்டு வருகிறது. கணவாயின் வாயில் வீசும் காற்றுக்கும், சில கிலோமீட்டர் தள்ளி மலையின் மறைவில் வீசும் காற்றுக்கும் உறவே இல்லாமல் இருக்கலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எத்தனை அம்மி என்பதுதான் முதலீட்டாளரின் கேள்வி. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றின் ஆற்றல் 125 என்றால், 6 மீட்டர் வேகக் காற்றின் ஆற்றல் 216. வேகத்தைப் பத்து சதவீதம் மிகையாக மதிப்பிட்டால், ஆற்றலை முப்பத்து மூன்று சதவீதம் மிகையாக மதிப்பிட்டவர் ஆகிறோம். இருபது ஆண்டுகளுக்கு வட்டி கட்ட வேண்டிய ஒரு தொழிலில் இந்தப் பிழை என்ன செய்யும் என்பதை விளக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பிழையைக் குறைக்கவே கணினி மாதிரிகள் வந்தன. சரிவு குறைந்த குன்றின் மேல் காற்று எவ்வாறு விரைகிறது என்பதற்கான கணிதக் கோட்பாட்டை ஜாக்சன், ஹன்ட் ஆகிய இருவரும் 1975-ஆம் ஆண்டில் வகுத்தனர். அதைச் சோதிக்க, ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவில் ஆஸ்கர்வேன் என்ற 116 மீட்டர் உயரக் குன்றின் மீது 1982, 1983-ஆம் ஆண்டுகளில் சுமார் 50 கம்பங்களை நட்டு அளந்தார்கள். காற்று ஏறும் பக்கத்திலும் உச்சியிலும் கணிப்புகள் பெருமளவு பொருந்தின. இறங்கும் பக்கத்தில் தடுமாறின. கால் நூற்றாண்டு கழித்து டென்மார்க்கில், போலுண்ட் என்ற 12 மீட்டர் உயரமே கொண்ட செங்குத்தான திட்டில் மீண்டும் ஒரு சோதனை நடந்தது. இம்முறை அளவீடுகளை மறைத்து வைத்துவிட்டு, உலகெங்கும் உள்ள வல்லுநர்களிடம் கணிப்புகளை முன்கூட்டியே எழுதி வாங்கினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகள் வந்தன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; சிறந்தவையும் பிழையின்றித் தேறவில்லை. விடைத்தாளைக் கொடுத்த பின்னரே விடைக்குறிப்பைத் திறந்து பார்த்த நேர்மையான தேர்வு அது. பொருளாதாரத்திலும் நாங்கள் மாதிரிகளைக் கொண்டே பிழைக்கிறோம். இப்படி ஒரு தேர்வுக்கு எங்களில் எத்தனை பேர் முன்வருவோம் என்பது ஐயமே.

ஆஸ்கர்வேனில் கம்பம் நட்ட அதே ஆண்டுகளில்தான் அன்னா மணியின் காற்றுத் தரவு நூல் இங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு குன்றை நுணுக்கமாக அளந்தார்கள். இங்கே ஒரு நாட்டையே அளக்கத் தொடங்கினார்கள். இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்கானவை என்றாலும், அளந்த பிறகே கணக்கு என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொது. தூத்துக்குடியில் 1986-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று அமைந்தது. காற்றாற்றல் கள ஆய்வுத் தொகுதிகள் 1990-களில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சென்னையில் 1998-ஆம் ஆண்டில் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டபோது, அது வெறுங்கையுடன் தொடங்கவில்லை. இன்று தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்துடன் சேர்ந்து 2010-ஆம் ஆண்டில் அம்மையம் கணினி மாதிரியைக் கொண்டு இந்தியக் காற்று வரைபடத்தை உருவாக்கியபோது, ஒப்பிட்டுப் பார்க்க நாட்டின் பல பகுதிகளிலும் அளவீடுகள் இருந்தன. அந்த வசதி எல்லா வளரும் நாடுகளுக்கும் வாய்க்கவில்லை.

அந்த வரைபடத்தின் வழியே நாட்டின் காற்றாற்றல் வளம் 50 மீட்டர் உயரத்தில் 49,130 மெகாவாட் என்று மதிப்பிடப்பட்டது. அதுவே 80 மீட்டர் உயரத்தில் 1,02,788 மெகாவாட் ஆயிற்று. பின்னர் 100 மீட்டர் உயரத்தில் மூன்று லட்சம் மெகாவாட் என்றும், 120 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஏழு லட்சம் மெகாவாட் என்றும் அறிவிக்கப்பட்டது. வீசும் காற்று ஒன்றுதான். எண் மட்டும் பதினான்கு மடங்காகியிருக்கிறது. உயரம் கூடியது ஒரு காரணம். எவ்வளவு நிலம் கிடைக்கும் என்ற அனுமானமும் கணக்கிடும் முறையும் மாறியது இன்னொரு காரணம். இந்த எண்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. இவற்றைக் கொள்கை வகுப்பாளர்கள் மேற்கோள் காட்டும்போது, எத்தனை பங்கு அளந்தது, எத்தனை பங்கு கணித்தது என்று பிரித்துச் சொல்வதில்லை என்பதே என் குறை.

1990-களில் நேர்ந்ததை மறந்துவிடக் கூடாது. காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சலுகை அளிக்கப்பட்டது. காற்றாலை சுழன்றாலும் சுழலாவிட்டாலும் சலுகை உண்டு. விளைவாக, மின்சாரத்துக்காக அல்லாமல் வரிக்காகக் காற்றாலை நட்டவர்களும் இருந்தார்கள். காற்றுக் குறைந்த இடங்களிலும் காற்றாலைகள் எழுந்தன. அன்னா மணியின் தொகுதிகள் அச்சில் இருக்கும்போதே இது நடந்தது. எந்த இடத்தில் காற்று எவ்வளவு என்று ஓய்வு பெற்ற ஒருவர் பொதுப் பணத்தில் அளந்து வைத்திருக்க, அந்த அளவோடு தொடர்பே இல்லாத ஒரு சலுகைக்குப் பொதுப் பணம் பன்மடங்கு செலவாயிற்று.

இப்போது பழைய காற்றாலைகளை மாற்றும்போது, அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. பழைய பதிவுகள் 20 மீட்டர் உயரத்தில் எடுக்கப்பட்டவை. புதிய காற்றாலைகள் 100 மீட்டருக்கும் மேலே சுழல்பவை. சமவெளியில் உயரம் கூடக் காற்றின் வேகமும் ஏறக்குறைய ஒழுங்காகக் கூடும். குன்றின் உச்சியிலோ தரையை ஒட்டிய அடுக்குகளில்தான் காற்று மிகுதியாக விரைகிறது; மேலே போகப்போக அந்த ஆதாயம் குறைந்துவிடும். சமவெளி விதியை மலைக்குப் பொருத்தினால் மிகைமதிப்பீடே மிஞ்சும். அந்தந்தச் சரிவில் புதிய உயரத்தில் மீண்டும் அளப்பதுதான் வழி. அளப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தனியார் நிறுவனங்கள் தாங்கள் நட்ட கம்பங்களின் பதிவுகளைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைக்கின்றன. ஒரே கணவாயில் அடுத்தடுத்து இரு நிறுவனங்கள் தனித்தனியே அளக்க, அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டும் கிடைப்பதில்லை. கடன் பொதுத்துறை வங்கியுடையது, நிலம் தமிழகத்தினுடையது, காற்று எவருடையதும் அல்ல என்னும்போது, சில ஆண்டுகள் கழிந்த பதிவுகளையாவது வெளியிட வேண்டும் என்று புதிய கொள்கையின்கீழ் அனுமதி பெறுவோருக்கு அரசு நிபந்தனை விதிக்கலாம். அன்னா மணி தம் அளவீடுகளை, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கக்கூடிய புத்தகங்களாக அச்சிட்டார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இயற்கையும் இசையும் மலையேற்றமும் அவருக்கு விருப்பமானவை. பெண் என்பதற்காகத் தம்மைச் சிறப்பித்துப் பேசுவதை அவர் விரும்பியதில்லை. பெண் என்பதால் தமக்குத் தடைகள் வந்ததாகவும் ஒப்புக்கொண்டதில்லை. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பெண் மாணவர்கள் ஆண்களுடன் பேசுவதுகூடக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது என்பதை நோக்க, இந்தக் கருத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. 1987-ஆம் ஆண்டில் இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்கு கே.ஆர். ராமநாதன் பதக்கம் வழங்கியது. 1994-ஆம் ஆண்டில் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் இழந்தார். 2001 ஆகஸ்ட் 16 அன்று, 83-ஆவது பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

பீருமேடு இருக்கும் அதே இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ராமக்கல்மேட்டில் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. பட்டம் மறுக்கப்பட்ட அவருடைய ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற மற்றவர்களின் ஆய்வேடுகளைப் போலவே கட்டப்பட்டு, அவற்றோடு வைக்கப்பட்டிருக்கிறது.